குருபோங்கில் இல்லாத மூன்று புற்றுகள்

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்கள் சிரிக்கத்தான் வருகிறார்கள். நானும் ஏமாற்றுவதில்லை. கோணிச் சாக்கில் தைத்த கால்சட்டை உட்காரும்போதெல்லாம் என்னைக் குத்தியது, ஆபீஸ் வாசலில் காலைத் தேகப்பயிற்சியின்போது எல்லாரும் கையைத் தூக்க நான் காலைத் தூக்கி அதிகாரியையே சிரிக்க வைத்தது எல்லாம் சொல்லிச் சொல்லி மெருகேறிப் போன கதைகள். ஆனால் இப்போது எழுதப்போகும் கதையை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சிரிப்பு வராது என்பதால் அல்ல. சிரிப்பு வரும். அதுதான் எனக்குப் பயம்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள். சண்டைக்கு முன்னால் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. ஜப்பான்காரன் வந்த பிறகு ஓர் அரசாங்க ஆபீசில் அதே கிராணி. நாற்காலிதான் மாறியது, உட்கார்ந்தவன் மாறவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆபீசில் வேலை இருக்காது. மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு புதர்க்காடு கிடந்தது. இடுப்புயர லாலான் புல், காட்டுக் கொய்யா, நடுவில் மாடு நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை. அரசாங்க நிலம் என்பார்கள். எந்த அரசாங்கம் என்று கேட்டால் அந்தச் சமயத்தில் யாருக்கும் பதில் தெரியாது. அதனால் யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம்.

ஊரில் பாதிப் பேர் அங்கே போனார்கள். கீரை பறிக்க, விறகு பொறுக்க, காட்டுச் சேம்பு தோண்ட. நான் ராணி எறும்பு தேடப் போனேன்.

படிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு முறை சிரித்து முடித்துவிடலாம். என் மனைவி தினமும் சிரித்தாள்.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும் மத்தியானங்களில் இறக்கை முளைத்த எறும்புகள் புற்றைவிட்டுப் பறக்கும். வானத்திலேயே கல்யாணம் முடிந்துவிடும். மாப்பிள்ளைகள் அன்றைக்கே செத்துப்போவார்கள். ராணி தரையில் இறங்கி, முதல் வேலையாகத் தன் இறக்கையைத் தானே பிய்த்துப் போட்டுவிட்டு, வாடகை வீடு தேடுகிறவர் மாதிரி ஒவ்வொரு ஓட்டையாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பாள். மற்ற எறும்புகள் வரிசையில் ஓடும். இவள் தனியாக, நிதானமாகப் போவாள். அவளைப் பிடித்து மருந்துக் குப்பியில் விட்டு, கொஞ்சம் ஈரப்பஞ்சு வைத்து, இருட்டில் வைத்தால் சில நாளில் முட்டையிடுவாள். முதல் ஈடு பிள்ளைகள் வளர்ந்து வெளியே கிளம்பும்வரை அவள் ஒன்றுமே சாப்பிட மாட்டாள். பறக்க உதவிய சதையையே உள்ளுக்குள் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டுவாள். இதைச் சண்டைக்கு முன் ஆபீசில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். கட்டிலுக்கு அடியில் ஐந்து குப்பிகள் வைத்திருந்தேன்.

"சோறு கேக்காம பிள்ளை வளக்குறாளே, அதான் ஐயாவுக்கு இவ்வளவு பிரியம்," என்பாள் மனைவி. "இங்க ஒரு ராணி இருக்கா. அவ மூணு வேளையும் கேப்பா. அதனால அவள யாரும் குப்பியில வச்சுப் பாக்குறதில்ல."

"உன்ன வைக்கிற அளவுக்குக் குப்பி கிடைக்கலியே," என்பேன்.

வீட்டுக்குள் இது வேடிக்கை. வெளியே தெரியக்கூடாது என்பதில் மட்டும் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். முப்பத்திரண்டு வயதுக் கிராணி, ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடக்கும்போது, முட்டி போட்டு எறும்பு பிடிக்கிறான் என்று தெரிந்தால் என்ன ஆவது? அதனால் போகும்போது கையில் ஒரு பால் டின் எடுத்துக்கொள்வேன். டின் இருந்தால் ஏதோ தின்கிற பொருள் தேடப் போகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களாக நினைத்துக்கொண்டால் அது என் பொய் இல்லை என்பது அன்றைக்கு எனக்கிருந்த நியாயம்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டிக் குடும்பம். கணவனும் மனைவியும் மட்டும். எங்களைப் போலவே சாமி கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். நடுநடுவே உறவு சொல்லிக் கூப்பிட மட்டும் தமிழ் எட்டிப் பார்க்கும். அவர் என்னைத் தம்பி என்பார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அவர்கள் பேசிய மலாயை இங்கே நம் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். அப்படி எழுதும்போது அவர்களுடைய மரியாதையில் பாதி காணாமல் போகிறது. அதற்கும் நான்தான் பொறுப்பு.

அண்ணி மரவள்ளி மாவில் பலகாரம் செய்வார். அண்ணன் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு டவுன் சந்தைக்குப் போய் விற்றுவருவார். அந்தச் சைக்கிள் எங்கள் வரிசையில் ஒரு அதிசயம். மற்றவர்களுடைய சைக்கிள் எல்லாம் டயர் கிழிந்து, தண்ணீர்க் குழாயையோ கயிற்றையோ சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கடகடவென்று ஓடும்போது, அவருடையது மட்டும் காற்றடித்த டயரில் சத்தமில்லாமல் போகும். தினமும் சாயங்காலம் ஈரத்துணியால் அதைத் துடைப்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட இப்படிப் பாத்ததில்ல," என்று அண்ணி வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி சொல்வார்.

அந்த மழைக்காலத்தில் அண்ணிக்கு நாலு மாசம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதல் தடவை. மரவள்ளி வேகிற வாடை வந்தாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். வேகவைக்கிறவரும் அவரே. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார், முடிந்ததும் கொல்லையில் போய் உட்கார்ந்துவிடுவார். தன்னால் சாப்பிட முடியும் என்று தோன்றிய ஒன்றே ஒன்றைத்தான் அவர் கேட்டார். புற்றுக் காளான். தேங்காய்ப்பால் ஊற்றி, மஞ்சள் போட்டு, புளி விடாமல்.

பாஷைதான் வேறே தவிர, வாயும் வயிறுமாக இருப்பவள் வாய்திறந்து கேட்டதை எப்பாடு பட்டாவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் கிடையாது. அண்ணன் சந்தை முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை பெய்து விட்டது. நான் டின்னை எடுத்துக்கொண்டு புதர்க்காட்டுக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு யோகம். பாதையோரம் முழுக்க உதிர்ந்த இறக்கைகள். முட்டி போட்டு, மூக்கு மண்ணில் படுகிற மாதிரி குனிந்து, ஒரு பெரிய செம்பழுப்பு ராணியை இலையில் ஏற்றி டின்னுக்குள் விட்டேன். இரண்டாவதையும் பிடித்தேன். அப்போது பின்னால் குரல் கேட்டது.

"தம்பி! என்ன தேடுற?"

திரும்பிப் பார்த்தால் அண்ணன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார். நான் செய்த முதல் காரியம் டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தது. திருடனைத் தவிர வேறு யாரும் அப்படி மறைக்க மாட்டார்கள். அவர் கண் டின்னுக்குப் போனது, என் முழங்காலில் ஒட்டிய மண்ணுக்குப் போனது, கடைசியில் என் முகத்துக்கு வந்தது.

"செண்டாவானா?" என்றார். காளானா என்று அர்த்தம்.

இல்லை, எறும்பு என்று சொல்லியிருக்கலாம். நாலு எழுத்து. என் வாய் "ஆமாண்ணே" என்றது.

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அடோய்! இங்கயா? இந்தக் காட்டுலயா?"

இந்த இடத்தில்தான் என் கயமை. ஆமாம், இங்கேதான் என்றிருந்தால் அவர் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான். ஆனால் நான் நினைத்தது வேறு. இங்கே என்று சொன்னால் நாளைக்கே வரிசையே மண்வெட்டியோடு வரும். புற்றையெல்லாம் கிளறிப் போடுவார்கள். அப்புறம் எனக்கு ராணி எங்கே கிடைக்கும்?

"இங்க இல்லண்ணே. இங்க ஒண்ணும் கிடையாது. குருபோங் பக்கம்."

"குருபோங்ல எங்க?"

"மரப்பாலம் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கு. யாரும் பால் வெட்டுறதில்ல. உள்ள போனா மூணு புத்து. பக்கத்துப் பக்கத்துல."

ஒரு புற்று என்றால் நம்பமாட்டார் என்று எனக்கு ஏனோ தோன்றியது. மூன்று என்றதும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அந்த மூன்றில் நடுப்புற்று கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்றுகூடச் சொன்னேன். பொய் சொல்வதில் நான் ஒரு தச்சன். இழைத்துத்தான் கொடுப்பேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "உன் அண்ணிகிட்ட இன்னிக்குச் சொல்லமாட்டேன். கொண்டுவந்து கையில கொடுத்துட்டுத்தான் சொல்லுவேன்." பிறகு டின்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதில் இரண்டு காளான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார். நான் வேலிக்குள்ளிருந்து பார்த்தேன். கூடை காலி, சைக்கிள் பளபளவென்று இருந்தது. தடுத்துச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. குருபோங் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், கிடைக்கவில்லை என்று திரும்பிவிடுவார், இதற்குப் போய் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே தேகப்பயிற்சி, கணக்கு, மரவள்ளிச் சாப்பாடு எல்லாம் வழக்கம்போல் நடந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். சைக்கிள் இல்லை. இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது.

அண்ணி வாசலில் நின்று, "வண்டி எங்க?" என்று ஒரு தடவைதான் கேட்டார்.

நடந்தது இதுதான். குருபோங் பாதையில் புதிதாக ஒரு காவல் போட்டிருக்கிறார்கள். சிப்பாய் நிற்கிற இடத்தில் இறங்கி இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அண்ணனும் இறங்கினார். ஆனால் அந்தச் சைக்கிளுக்கு நிறுத்துகிற கால் கிடையாது. கீழே போட்டால் கீறல் விழும். அதனால் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே குனிந்தார். பாதிக் கும்பிடு. சிப்பாய் அறைந்தான். பிறகு டயரை அமுக்கிப் பார்த்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டான்.

அதற்கப்புறமும் அவர் திரும்பவில்லை. வீங்கிய கன்னத்தோடு தோட்டத்தைத் தேடி நடந்திருக்கிறார்.

"மரப்பாலம் கிடைச்சுது தம்பி," என்றார் வேலியருகே வந்து, என்னமோ நான் கவலைப்படக்கூடாது என்கிற மாதிரி. "தோட்டமும் ஒண்ணு இருந்துச்சு. மூணு புத்துதான் அகப்படல. நான் பாத மாறிட்டேன்போல. எனக்கு எப்பவுமே பாத நெனப்புல நிக்காது."

குருபோங்கில் மரப்பாலம் இருக்கிறது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

மனைவி சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"போய்ச் சொல்லுங்க," என்றாள்.

"நாளைக்குச் சொல்றேன்."

நாளை என்பது ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அண்ணன் பலகாரத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தார். போய்ச் சேர்வதற்குள் மற்ற வியாபாரிகள் விற்று முடித்துவிடுவார்கள். பாதித் தட்டு திரும்பி வரும். திரும்பி வந்ததைத்தான் அவர்கள் இரண்டு வேளையும் சாப்பிட வேண்டும். அண்ணி சாப்பிடுவார், கொல்லைக்கு ஓடுவார், மறுபடி வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், வயிறு மட்டும் முன்னால் வந்துகொண்டிருந்தது. பிள்ளை தங்குமா என்று என் மனைவி என்னிடம் கேட்டாள். கேள்வி மாதிரிக் கேட்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பாவத்துக்குப் பரிகாரம் செய்தேன், உண்மை சொல்வதைத் தவிர எல்லாம் செய்தேன். ஆபீஸ் போகும் வழியில் அவர் தட்டைப் பாதித் தூரம் நான் சுமந்தேன். கீரை பறித்துக் கொடுத்தேன். வேலியைச் சரி செய்தேன். உண்மையாகவே காளான் தேடினேன். அந்தப் புதர்க்காட்டில் ஒரு சின்னக் குடைகூட முளைக்கவில்லை. இத்தனைக்கும் பலன் என்னவென்றால், எங்கள் வரிசையில் என் பெயர் உயர்ந்துபோனது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்று எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்கலங்கினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். குனிந்தது வெட்கத்தில். அவர்கள் அதையும் பணிவு என்று சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி ஆற்றோரம் துணி துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து தென்னை ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, குருபோங்ல புத்து கிடையாது," என்றேன். உட்காரக்கூட இல்லை.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். அந்தத் தோட்டத்த ஒரு மணி நேரம் சுத்துனேன். மூணு புத்து, நடுப்புத்து சாஞ்சிருக்கும்! கிடக்குற இடத்தப் பாத்தவன் இப்படியா சொல்லுவான்? படம் வரஞ்சவன்தான் சொல்லுவான்." ஈர்க்கைத் தரையில் தட்டினார். "உட்காரு. நான் கோவப்படல. உனக்கு ரெண்டு பிள்ளைங்க. இங்கயே எங்கயோ கொஞ்சம் காளான் வச்சிருக்க. பக்கத்து வீட்டுக்காரன் வந்து கேட்டா, பிள்ளைங்க வாயில இருந்து எடுத்தா குடுப்பாங்க? எனக்குப் பிறந்தாலும் நான் அப்படித்தான் செய்வேன். வண்டி போனது என் கெட்ட நேரம். அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அது வேறு யாருக்கோ கொடுத்த மன்னிப்பு. பிள்ளைகளுக்காகப் பொய் சொன்ன ஒரு நல்ல தகப்பனுக்கு. அந்த ஆளை எனக்குத் தெரியாது.

குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "காளானும் இல்லண்ணே. இதத்தான் தேடினேன்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ராணி முட்டைக் குவியலின்மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஈசலா? வறுத்துத் திம்பாங்களே உங்காளுங்க."

"ஈசல் இல்ல. எறும்பு."

"திங்கலாமா?"

"இல்ல."

"மருந்துக்கா?"

"இல்லண்ணே."

"ஜப்பான்காரன் வாங்குறானா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"சும்மா. பாக்க."

"பாக்க," என்று அவர் மலாயில் ஒரு தரம் சொன்னார். பிறகு தமிழில் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து, "பாக்க," என்று இன்னொரு தரம் சொன்னார். இரண்டு பாஷையிலும் சொல்லிப் பார்த்தும் அது அவருக்குப் பொருந்தவில்லை.

நான் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் குப்பியை மிகவும் பத்திரமாக, ஆடாமல், என் கையில் திருப்பி வைத்தார். அவருக்கு அதன்மேல் கோபம் இல்லை. பிறகு ஈர்க்கை எடுத்து மறுபடி சீவத் தொடங்கினார்.

"தம்பி," என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். "இத உன் அண்ணிகிட்டச் சொல்லாத. உன் பிள்ளைங்க பசியில கிடக்குதுங்க, அதான் நீ மறைச்சன்னு நான் அவகிட்டச் சொல்லிவச்சிருக்கேன். அழுதா. 'பாவம்'ன்னு சொன்னா. அப்புறம் வண்டியப் பத்தி ஒரு வார்த்த பேசல. அது அப்படியே இருக்கட்டும்."

என் பிள்ளைகள் பசியில் கிடக்கவில்லை. ஆபீஸ் கிராணி என்பதால் எங்கள் வீட்டுக்கு அவர்களைவிட அரிசி கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. அதையாவது அன்றைக்குச் சொன்னேனா என்றால், இல்லை. "சரிண்ணே," என்றேன்.

அதோடு எறும்பு தேடுவதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் இந்த இடத்தில் எவ்வளவு நன்றாக இருக்கும்! விடவில்லை. இரண்டு மாதம் போகாமல் இருந்தேன். பிறகு யாருக்கும் தெரியாத செமாபோக் பக்கம் நடந்துபோய்த் தேடினேன். அண்ணன் என்னிடம் பேசுவதை நிறுத்தவும் இல்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டார். ஆனால் நான் தட்டைச் சுமக்கக் கை நீட்டினால், "வேணாம்" என்று ஒரு எட்டு தள்ளி நடப்பார்.

பிள்ளை தங்கியது. பெண். எலி மாதிரி சின்னதாக, ஊரையே கூட்டுகிற சத்தத்தோடு பிறந்தது. முப்பதாம் நாள் சடங்குக்கு எங்கிருந்தோ அரைப் படி பச்சரிசி தேடிப் பிடித்து அண்ணி சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார். சர்க்கரை ஏது, கருப்பட்டித் துண்டு ஒன்று. வரிசைக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு ஒரு கரண்டி வராது என்று பார்த்தாலே தெரிந்தது.

அண்ணி சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என் பிள்ளைகளிடம் வந்தார். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் முன்னால். பெரியவள் இலையில் இரண்டு கரண்டி, சின்னவள் இலையில் இரண்டு கரண்டி.

"சாப்பிடுங்கம்மா," என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "இதுங்க அப்பா இதுங்களுக்காக என்ன பாடு பட்டாருன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

வரிசை முழுக்க என்னைப் பார்த்துத் தலையாட்டியது. என் மனைவி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் திரும்பவே இல்லை. தொட்டில் கயிற்றில் ஏற்கெனவே இறுக்கமாக இருந்த முடிச்சை மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார்.

மீதியை வழித்து அண்ணி என் இலையிலும் வைத்தார். சின்ன உருண்டை, நெய் இல்லை. "நீங்களும் சாப்பிடுங்க," என்றார்.

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.